360 கார்டு க்யூபில் ரிமூவல் எவ்வளவு இருக்கலாம்? எதிராளியின் திட்டத்தைக் குலைக்கும் கார்டுகளை எப்படி அளவிடுவது?

கேள்வி

வணக்கம். எட்டுப் பேர் அமர்ந்து டிராஃப்ட் செய்யும் (கார்டுகளைச் சுற்றி அனுப்பி ஒவ்வொன்றாக எடுத்து டெக் அமைக்கும்) அளவில், மேஜிக்: தி கேதரிங் கார்டுகளைக் கொண்டு 360 கார்டு க்யூப், அதாவது நானே தேர்ந்தெடுத்த கார்டுத் தொகுப்பு ஒன்றைத் தொகுத்து வைத்திருக்கிறேன். கிரீச்சர்கள் (போரிடும் உயிரினக் கார்டுகள்) களத்தில் நேருக்கு நேர் மோதும் ஆட்டமே எங்களுக்குப் பிடிக்கும் என்பதால், க்யூபின் கருக்களையும் (டெக் அமைக்கும் வழிகளையும்) அதற்கேற்பவே அமைத்தேன். வெள்ளை-பச்சையில் ஆராக்கள் (கிரீச்சரின் மேல் ஒட்டி அதை வலுப்படுத்தும் கார்டுகள்), கருப்பு-சிவப்பில் தன் கிரீச்சரைத் தானே பலியிட்டுப் பயன் பெறும் டெக், கருப்பு-பச்சையில் கிரேவ்யார்டு (ஆடி முடிந்த, செத்த கார்டுகள் சேரும் இடம்), பச்சை-நீலத்தில் +1/+1 கவுன்டர்கள் (கிரீச்சரை வலுப்படுத்தும் குறிகள்) என்பவை முக்கியமானவை. மானா (கார்டுகளை ஆடச் செலவிடும் ஆற்றல்) தரும் இரட்டை நிற லேண்டுகள் 40 போக மீதமுள்ள 320 கார்டுகளில் 84 கார்டுகள் ஏதோ ஒரு வகையில் ரிமூவல், அதாவது எதிராளியின் கிரீச்சரைக் கொல்லும் அல்லது அகற்றும் கார்டுகள்.

சிக்கல் இதுதான். ரிமூவலை முதலில் எடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பாடத்தை எங்கள் குழுவினர் அனைவரும் கற்றுவிட்டார்கள். ஆரா டெக்கை விரும்பி எடுப்பவர் ஒவ்வொரு முறையும் தோற்கிறார். இரண்டு பக்கமும் வந்ததையெல்லாம் கொன்று தீர்த்துவிட்டு, கை காலியான நிலையில் அடுத்து யாருக்கு நல்ல கார்டு வருகிறது என்று காத்திருப்பதிலேயே பாதி ஆட்டங்கள் முடிகின்றன. ரிமூவலைப் பெருமளவு குறைத்துப் பார்த்தபோது வேறொரு தொல்லை வந்தது: பேன்ஸ்லேயர் ஏஞ்சல் போன்ற வலிமையான பெரிய கிரீச்சர் ஒன்றை முதலில் இறக்கியவரே வென்றார், எதிரில் இருப்பவர் எவ்வளவு யோசித்து ஆடினாலும் பயன் இருக்கவில்லை.

இதனுடன் ஹிம் டு டூராக், ஆர்மகெடான், மானா லீக், ரெலிக் ஆஃப் புரோஜெனிட்டஸ் போன்ற, எதிராளியின் திட்டத்தைக் குலைக்கும் கார்டுகளும் க்யூபில் உள்ளன. இவற்றையும் ரிமூவலோடு சேர்த்து எண்ண வேண்டுமா, தனியாகப் பார்க்க வேண்டுமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1

360இல் 84 என்பது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் அளவாகத்தான் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இந்த விகிதத்தை 360 கார்டுகளின் மீது கணக்கிட்டால் உண்மை நிலை தெரியாது. எட்டுப் பேரும் தலா 45 கார்டுகள் எடுத்தாலும், 40 கார்டு டெக்கில் 17 லேண்டுகள் போக 23 கார்டுகளுக்கே இடம் உண்டு. அதாவது மேசையில் உண்மையில் ஆடப்படுபவை 184 கார்டுகள். மற்றவை சைட்போர்டில் தங்கிவிடும். அப்படித் தங்குபவற்றில் ரிமூவல் அநேகமாக இருப்பதில்லை. நிறம் பொருந்தாமல் சில வீணானாலும் உங்கள் 84இல் 70 கார்டுகளாவது டெக்குகளுக்குள் போய்விடும் என்று கொள்வோம். 184இல் 70 என்பது 38 விழுக்காடு. ஒரு டெக்குக்கு ஏறத்தாழ 9.

இதை ஓர் ஆட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். இரண்டாவதாக ஆடுபவர் தன் ஐந்தாம் சுற்றுக்குள் 12 கார்டுகளைப் பார்த்திருப்பார். 9 ரிமூவல் உள்ள டெக்கில் அந்த 12இல் சராசரியாக 2.7 ரிமூவல் வரும். எதிரில் இருப்பவர் 12 கிரீச்சர்கள் வைத்திருந்தால் அவருக்கு அதே அளவில் வருபவை 3.6. ஆக, இறங்கும் நான்கு கிரீச்சர்களில் மூன்று உடனே சாகின்றன. ஒரே கிரீச்சரின் மேல் இரண்டு மூன்று கார்டுகளை அடுக்க வேண்டிய ஆரா டெக் இந்தச் சூழலில் பிழைக்க வழியே இல்லை. அதை எடுப்பவரின் திறமைக் குறைவு என்று கருத வேண்டாம். டெக்குக்கு 6 ரிமூவல், 15 கிரீச்சர் என்று மாறினால் அந்தக் கணக்கு 1.8க்கு 4.5 ஆகிவிடும். அப்போது இரண்டு அல்லது மூன்று கிரீச்சர்கள் களத்தில் நின்று மோதும். க்யூப் முழுவதற்கும் 50 முதல் 55 வரை என்று தொடங்குவது என் பரிந்துரை.

எண்ணிக்கையைச் சரிசெய்த பிறகும் விலை என்ற கேள்வி எஞ்சி நிற்கும். என் பார்வையில் அதுதான் பெரிய கேள்வி. ஸ்வோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ் ஒரு மானாவில் ஐந்து மானா ஏஞ்சலை அகற்றிவிடுகிறது. எதிராளிக்குச் சில உயிர்ப்புள்ளிகள் கூடினாலும், அகற்றியவருக்கு அதே சுற்றில் நான்கு மானா மிச்சம். க்யூபில் உள்ள பெரும்பாலான ரிமூவல் ஒன்று, இரண்டு மானாவில் கிடைத்தால், இறங்கியவுடன் பயன் தராத எந்தப் பெரிய கிரீச்சரையும் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். மாறாக, மூன்று மானா ஒப்ளிவியன் ரிங் லேண்டு தவிர எதையும் அகற்ற வல்லது என்றாலும், இரண்டு மானா கிரீச்சருக்காக அதைச் செலவிட்டால் ஆட்டத்தின் வேகத்தில் ஒரு மானா பின்தங்கிவிடுகிறோம். அதனால் வேகமாக அடிக்கும் டெக் மூச்சுவிட முடிகிறது. பேன்ஸ்லேயருக்கும் பதில் இருக்கிறது. நீங்கள் ரிமூவலைக் குறைத்தபோது எதையும் கொல்லக்கூடிய விலையுயர்ந்த கார்டுகளை எடுத்துவிட்டு, மலிவானவற்றை வைத்திருந்தீர்களா என்று சரிபாருங்கள். பலரும் அப்படித்தான் செய்வார்கள், ஏனெனில் மலிவானவையே புகழ்பெற்றவை.

விலைக்கு அடுத்தது நிபந்தனை. டூம் பிளேடு கருப்புக் கிரீச்சரைக் கொல்லாது. அல்டிமேட் பிரைஸ் ஒரே நிறமுள்ள கிரீச்சரை மட்டுமே கொல்லும். ரோஸ்ட் இரண்டு மானாவில் ஐந்து சேதம் தந்தாலும் பறக்கும் கிரீச்சரைத் தொடாது. ஃபேட்டல் புஷ் பொதுவாக இரண்டு மானா வரையிலான கிரீச்சர்களோடு நின்றுவிடும். இத்தகைய கார்டுகள் க்யூபில் இருப்பது தெரிந்தால், டிராஃப்ட் செய்பவர் கிரீச்சரை எடுக்கும்போதே இது எதற்கெல்லாம் தப்பும் என்று யோசிப்பார். கருப்பு நிறக் கிரீச்சருக்கும் இரட்டை நிறக் கிரீச்சருக்கும் அவற்றின் எண்களைத் தாண்டி ஒரு மதிப்பு உருவாகும். ஒரே வகை நிபந்தனையைத் திரும்பத் திரும்ப வைத்துவிடாமல் பரவலாக வையுங்கள்.

சிவப்பில் கவனிக்க வேண்டியது சேதத்தின் அளவு. லைட்னிங் போல்ட், செயின் லைட்னிங் என ஒரு மானாவுக்கு மூன்று சேதம் தரும் கார்டுகள் நிறைந்திருந்தால், டஃப்னஸ் (கிரீச்சர் தாங்கும் சேத அளவு) 1, 2, 3 ஆகிய மூன்றும் நடைமுறையில் ஒன்றாகிவிடும். 4 உள்ளவை மட்டுமே தனித்து நிற்கும். இவற்றுக்குப் பதில் பர்ஸ்ட் லைட்னிங், ஃபயர்போல்ட் போன்றவற்றை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரு மானாவுக்கு இரண்டு சேதமே தருகின்றன. கூடுதலாக நான்கு மானா செலுத்தினால் பர்ஸ்ட் லைட்னிங் நான்கு சேதமாக வளர்கிறது. ஃபயர்போல்ட்டை ஐந்து மானாவுக்கு கிரேவ்யார்டிலிருந்து மீண்டும் ஆடலாம். தொடக்கத்தில் டஃப்னஸ் 3 உள்ள கிரீச்சர் பிழைக்கும். ஆட்டம் நீளும்போதும் இந்தக் கார்டுகள் வீணாகாது.

பதில் 2

மேலே சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் ரிமூவலை மட்டும் திருத்தி இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. ரிமூவலுக்கு இரையாகும் கார்டு இறக்கும்போது எதை விட்டுச் செல்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆரா டெக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதில்தான் வலி அதிகம். ஒருவர் தன் கிரீச்சரின் மேல் ஈத்தீரியல் ஆர்மர் ஆடுகிறார். அது நிறைவேறும் முன்பே எதிராளி லைட்னிங் போல்ட்டால் அந்தக் கிரீச்சரைக் கொல்கிறார். இலக்கு இல்லாத ஆரா களத்துக்கு வராமலே கிரேவ்யார்டுக்குப் போகிறது. ஒரு கார்டுக்கு இரண்டு கார்டு இழப்பு. ரேங்கர் கைக்குத் திரும்பி வரும் ஆராதானே, அதற்கு இந்த ஆபத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். களத்திலிருந்து கிரேவ்யார்டுக்குப் போனால்தான் ரேங்கர் திரும்பும். மேற்சொன்ன நிலையில் அது களத்துக்கு வரவே இல்லை என்பதால் திரும்பாது. கிரீச்சராகவோ ஆராவாகவோ ஆடத்தக்க, 2013இல் வந்த தீரோஸ் தொகுப்பின் பெஸ்டோ கார்டுகள் இந்த இடத்தில்தான் வேறுபடுகின்றன. ஹோப்ஃபுல் ஐடோலானை ஆராவாக ஆடும்போது இலக்கு கொல்லப்பட்டால், அது தானே ஒரு கிரீச்சராகக் களத்தில் இறங்கும். ஏற்கெனவே ஒட்டியிருந்த கிரீச்சர் பின்னர் செத்தாலும் அப்படியே. உங்கள் வெள்ளை-பச்சைப் பகுதியில் ஆராக்களில் பாதியைப் பெஸ்டோவாக மாற்றினால், ரிமூவலில் ஒன்றைக்கூடத் தொடாமலேயே அந்த டெக் எழுந்து நிற்கும்.

இதிலிருந்து இன்னொரு வழியும் தெரிகிறது. எதிராளியின் சுற்றில் ஆட முடியாத சார்சரி வகை ரிமூவலால் இப்படி இடைமறிக்க முடியாது. ஃபயர்போல்ட்டும் ரோஸ்ட்டும் சார்சரிகளே. எந்நேரமும் ஆடத்தக்க இன்ஸ்டன்ட் ரிமூவலில் மூன்றில் ஒரு பங்கையாவது சார்சரியாக மாற்றினால், ஆரா ஆடியவருக்கு ஒரு முறையாவது அடிக்கும் வாய்ப்பு கூடும். +1/+1 கவுன்டர் டெக்கைப் பச்சை-நீலத்தோடு நிறுத்தாமல் வெள்ளைக்கும் சற்று நீட்டினால் டிராவல் பிரிப்பரேஷன்ஸ் போன்ற கார்டு உதவும். அது இரண்டு கிரீச்சர்களுக்குக் கவுன்டரைப் பங்கிட்டு வைப்பதால் ஒன்று கொல்லப்பட்டாலும் மற்றதற்குப் பலன் கிடைத்துவிடும்.

பலியிடும் டெக்குக்கு வேறு வகை அக்கறை தேவை. டூம்ட் டிராவலர் இறந்தால் பறக்கும் 1/1 (தாக்கும் வலு 1, டஃப்னஸ் 1) ஆவி ஒன்று வரும். ஆனால் ஸ்வோர்ட்ஸ், பாத் டு எக்ஸைல் இரண்டும் கிரீச்சரை நாடுகடத்துவதால் (கிரேவ்யார்டுக்கு அனுப்பாமல் ஆட்டத்தை விட்டே அகற்றுவதால்) அங்கே இறப்பு நிகழ்வதே இல்லை. வெள்ளையின் ரிமூவல் முழுவதும் நாடுகடத்தலாக இருந்தால் கருப்பு-சிவப்பின் கரு தானாக நசுங்கும். பேசிஃபிசம் அப்படியல்ல. கிரீச்சர் தாக்கவோ தடுக்கவோ முடியாமல் போனாலும் களத்திலேயே இருக்கிறது. உரியவர் அதைப் பலியிட்டுப் பயன் பெறலாம். ஒரே கார்டு ஒரு டெக்குக்கு எதிராக முழு ரிமூவலாகவும் இன்னொன்றுக்கு எதிராக அரை ரிமூவலாகவும் அமைவது டிராஃப்டுக்கு மிகவும் நல்லது.

ஆனால் ஓர் எல்லையை மறந்துவிடக் கூடாது. இறங்கியவுடன் பயன் தரும் கிரீச்சர்களால் க்யூபை நிரப்பிவிட்டால் ரிமூவல் ஆடுவதே நட்டமாகிவிடும். தாக்குவதும் தடுப்பதும் பின்னுக்குப் போய், கார்டு சேர்ப்பதே ஆட்டம் ஆகிவிடும். அதிலும் ரிமூவலையே இறங்கும்போது செய்யும் கிரீச்சர்கள்தாம் எனக்கு மிகவும் கவலை தருபவை. ஃபிளேம்டங் காவு நான்கு மானாவுக்கு 4/2 உடலும் நான்கு சேதமும் தருகிறது. ராவனஸ் சுபகாப்ரா அதே விலையில் எதிராளியின் எந்தக் கிரீச்சரையும் நிபந்தனையின்றி அழிக்கிறது; கிரேவ்யார்டு டெக்கில் அது மீண்டும் மீண்டும் வந்து இறங்கும். உங்கள் 84இல் இவை சேர்க்கப்பட்டுள்ளனவா? இல்லையென்றால் உண்மையான எண்ணிக்கை இன்னும் கூடுதல். நான் இத்தகைய ஒவ்வொன்றையும் ஒன்றரை ரிமூவலாக எண்ணுவேன். 360 கார்டுக்கு ஐந்து ஆறுக்கு மேல் வைக்க மாட்டேன்.

ரிமூவலிலிருந்து காப்பதற்காக ஹெக்ஸ்ப்ரூஃப் கிரீச்சர்களைச் சேர்க்கும் யோசனை வந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். எதிராளி தொடவே முடியாத கிரீச்சரின் மேல் ஆராக்கள் ஏறும்போது, நீங்கள் சொன்ன பேன்ஸ்லேயர் சிக்கல் இரண்டு மானாவிலேயே வந்துவிடும். 2021இல் ஸ்ட்ரிக்ஸ்ஹேவனில் அறிமுகமான வார்டு போதும். கூடுதல் மானா செலுத்தினால் கொல்லலாம் என்பதால் இருவருக்கும் ஒரு முடிவெடுக்கும் இடம் கிடைக்கிறது.

பதில் 3

குலைக்கும் கார்டுகளைப் பற்றிய பகுதிக்கு இன்னும் யாரும் வரவில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன். இவற்றை ரிமூவலோடு சேர்த்து எண்ண வேண்டாம். ஆனால் ஒன்றைத் தீர்மானிக்கும்போது மற்றதைக் கண்முன் வைத்திருங்கள். ரிமூவல் ஏற்கெனவே ஆடப்பட்ட ஒன்றை அகற்றுகிறது. இவையோ ஆடுவதற்கான வாய்ப்பையே அகற்றுகின்றன. அதனால் நான் ஒவ்வொரு கார்டிடமும் கேட்கும் கேள்வி, இதற்கு எதிரில் அமர்ந்திருப்பவர் செய்யக்கூடியது ஏதாவது மீதமிருக்கிறதா என்பதே.

ஹிம் டு டூராக் இரண்டாம் சுற்றில் எதிராளியின் கையிலிருந்து தற்செயலாக இரண்டு கார்டுகளைப் பறிக்கிறது. அவை இரண்டும் லேண்டாக அமைந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது; அதற்கு எதிராக டிராஃப்டிலோ மேசையிலோ செய்வதற்கு ஒன்றுமில்லை. கிரீச்சரோ லேண்டோ அல்லாத ஒரு கார்டை மட்டும் பறிக்கும் டூரெஸ் அளவில் சிறியது என்றாலும், உங்கள் க்யூப் கிரீச்சர் சார்ந்தது என்பதால் அடிக்கடி எடுக்க எதுவும் கிடைக்காமல் வீணாகும். இரண்டுக்கும் பதிலாக கைட்செயில் ஃப்ரீபூட்டர் வையுங்கள். இரண்டு மானாவுக்குப் பறக்கும் 1/2 உடல். எதிராளியின் கையைப் பார்த்து, கிரீச்சரோ லேண்டோ அல்லாத ஒரு கார்டை, தான் களத்தில் இருக்கும் வரை நாடுகடத்தி வைக்கிறது. அதைக் கொன்றால் பறிபோன கார்டு திரும்பிவிடும். எதிராளியின் கையில் இரண்டு ரிமூவல் இருந்தால் எதைப் பறிப்பது, எதை விட்டுவைப்பது என்று ஃப்ரீபூட்டரை ஆடியவர் யோசிக்க வேண்டும். மீதமிருக்கும் ரிமூவலை இந்தச் சிறு கிரீச்சரின் மேல் செலவிடுவதா, பின்னால் வரும் பெரியதற்காகச் சேமிப்பதா என்று எதிராளி யோசிக்க வேண்டும். தாலியா, கார்டியன் ஆஃப் திரேபனும் அவ்வாறே. கிரீச்சர் அல்லாத கார்டுகளுக்கு ஒரு மானா கூடுவதால் ஸ்வோர்ட்ஸ் இரண்டு மானா ஆகிறது. ஆனால் அந்த இரண்டு மானாவைச் செலுத்தித் தாலியாவையே அகற்றலாம். குலைக்கும் ஆற்றலைக் கிரீச்சர்களின் உடலில் ஏற்றி வைத்தால், உங்கள் ரிமூவலுக்கு வேலையும் கிடைக்கிறது, தடையிலிருந்து விடுபட வழியும் கிடைக்கிறது. இந்த ஒரு மாற்றத்தை மட்டுமாவது செய்து பாருங்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆர்மகெடானை எடுத்துவிடுங்கள். எல்லா லேண்டுகளையும் அழிப்பதைத் தாங்கும் வகையில் மலிவான மானாப் பொருட்கள் நிறைந்த க்யூபுகளில் அதற்கு இடமுண்டு. உங்களுடையது அத்தகையது அல்ல. மூன்று நிறம் நான்கு நிறம் என்று பேராசைப்படுபவர்களைக் கட்டுப்படுத்துவதே நோக்கம் என்றால் ஃபீல்டு ஆஃப் ரூயின் போதுமானது. அடிப்படை அல்லாத லேண்டை அழித்தாலும் இருவரும் அடிப்படை லேண்டு ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்வதால் யாரும் ஆட முடியாமல் உட்கார்ந்திருக்க நேராது.

எதிராளி கூடுதலாக மூன்று மானா செலுத்தாவிட்டால் அவர் ஆடும் கார்டை ரத்து செய்யும் மானா லீக் இருக்கட்டும். மூன்று மானா மிச்சம் வைத்து ஆடலாமா, இப்போதே இறக்கலாமா என்ற கேள்வியை அது எழுப்புகிறது. பிந்திய சுற்றுகளில் தானாகவே வலுவிழக்கிறது.

கிரேவ்யார்டுக்கு எதிரான கார்டுகளில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ரெலிக் ஆஃப் புரோஜெனிட்டஸோ போஜுகா பாகோ ஒரே நொடியில் முழு கிரேவ்யார்டையும் துடைத்துவிடும். அந்தக் கருவை நம்பி 45 கார்டுகளை எடுத்தவருக்கு அதற்குப் பிறகு ஆட்டமே இல்லை. மற்ற டெக்குகளுக்கு எதிராகவோ போஜுகா பாக் வெறும் கருப்பு மானா தரும் லேண்டாக நின்றுவிடும். ஸ்காவெஞ்சிங் ஊஸ் ஒவ்வொரு பச்சை மானாவுக்கும் ஒரு கார்டை மட்டுமே நாடுகடத்துகிறது. எந்தக் கார்டை முதலில் எடுப்பது என்பதில் இருவரும் மோதலாம், ஊஸைக் கொல்லவும் செய்யலாம்.

ஆர்டிஃபாக்ட், என்சான்ட்மென்ட் அழிப்பிலும் இதே வழியைப் பின்பற்றுங்கள். டிசென்சான்ட் பல ஆட்டங்களில் கையில் தூங்கும். ரெக்லமேஷன் சேஜ் இலக்கு இல்லாவிட்டாலும் 2/1 உடலாக நிற்கும். அப்ரேடு ஆர்டிஃபாக்டை அழிக்கும், இல்லையேல் கிரீச்சருக்கு மூன்று சேதம் தரும். நான்கு பேர் மட்டும் கூடும் நாட்களில் 180 கார்டுகளே மேசைக்கு வருகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு சிக்கலுக்கு ஒரே ஒரு பதில் கார்டை வைத்திருந்தால் அது பெட்டியிலேயே இருந்துவிடக்கூடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. 184 கார்டுகளின் மீது விகிதத்தைக் கணக்கிடுவது எனக்கு முற்றிலும் புதிய பார்வை. என் பட்டியலை மீண்டும் எண்ணினேன். இறங்கும்போது கொல்லும் கிரீச்சர்களை நான் 84இல் சேர்த்திருக்கவில்லை, அவை தனியாக 11 இருக்கின்றன. ரிமூவலை 54 ஆகவும் அந்தக் கிரீச்சர்களை 5 ஆகவும் குறைத்து, கிடைக்கும் இடங்களில் பெஸ்டோ கார்டுகளையும் ஃப்ரீபூட்டர் வகைக் கிரீச்சர்களையும் சேர்க்கத் திட்டமிட்டுள்ளேன். ராத் ஆஃப் காட் போல் எல்லாக் கிரீச்சர்களையும் ஒரே சமயத்தில் அழிக்கும் கார்டுகளை இந்த 54க்குள் எண்ணலாமா என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

பதில் 1

அவற்றைத் தனியாக எண்ணுங்கள். ஒற்றை ரிமூவல் குறைந்து களத்தில் கிரீச்சர்கள் நிற்கத் தொடங்கும்போது அவற்றின் மதிப்பு தானாக உயரும் என்பதால், இப்போது இருப்பதைவிடக் குறைவாகவே போதும். ராத் ஆஃப் காட் போன்று அனைத்தையும் அழிப்பவை வெள்ளையிலும் கருப்பிலும் ஒவ்வொன்று, சிவப்பில் இரண்டு சேதம் தரும் பைரோகிளாசம் போன்ற சிறியவை இரண்டு என்று தொடங்கலாம். சிறியவை டோக்கன் டெக்குகளை (கார்டுகளால் உருவாகும் சிறு கிரீச்சர்களைப் பெருக்கும் டெக்குகளை) கட்டுப்படுத்தும். அதே நேரத்தில் ஆரா ஏறிய கிரீச்சர் அதில் பிழைக்கும் என்பதால் உங்கள் வெள்ளை-பச்சைக்கு அது மறைமுகமான உதவியும் ஆகும். நான்கு மானாவில் அனைத்தையும் அழிப்பவற்றை எடுப்பவர் தானும் கிரீச்சர் குறைவாக ஆட வேண்டியிருப்பதால் எட்டுப் பேரில் ஒருவர் இருவரே அவற்றைத் தேடுவார்கள். அந்த டெக் வெல்வதற்குத் தேவையான கடைசிக் கார்டுகள் நீலத்திலும் வெள்ளையிலும் போதுமான அளவு உள்ளனவா என்று பார்த்துவிட்டு எண்ணிக்கையை உறுதிசெய்யுங்கள். மாற்றியமைத்த பட்டியலை இங்கே பதிந்தால் நிறம் நிறமாகப் பார்த்துச் சொல்கிறேன்.